கேள்வி கேட்கப் பழகட்டும் நம் பிள்ளைகள்



உங்கள் வீட்டில் எத்தனை கைத்தொலைபேசிகள் இருக்கின்றன என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வாப்பாவிடம் ஒன்று, உம்மாவிடம் ஒன்று, உயர்தரம் படிக்கும் மகளிடம் ஒன்று. "படிக்கிற பிள்ளைக்குப் போன் எதற்கு?" என்று பிடிவாதமாக இருந்த வீடுகளிலும், 2020இல் கொவிட் வந்து பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்களெல்லாம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது ஒன்று வந்து சேர்ந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அது திரும்பிப் போகவில்லை.

அதைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். கண் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது, தொழுகை பிந்துகிறது, யாரோடு பேசுகிறார்கள் என்றும் தெரியவில்லை. இவையெல்லாம் உண்மையான கவலைகள். இரண்டு பிள்ளைகளின் தாய் என்ற வகையில் நானும் அவற்றை அறிவேன். ஆனால் இன்று உங்களோடு பேச வந்தது இன்னொரு விஷயத்தைப் பற்றி.

நமது பிள்ளைகள் இந்த நாட்டின் பிரஜைகள். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர்கள். நாட்டு நடப்பை நாம் வானொலியிலும் பத்திரிகையிலும் அறிந்துகொண்டோம். அவர்கள் அந்தச் சிறு திரையில் அறிந்துகொள்கிறார்கள். அதே திரையை வைத்துக்கொண்டு ஒரு பொறுப்புள்ள பிரஜையாக நடந்துகொள்வது எப்படி என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்?

தாய்மாரின் அச்சம்

"அரசியல் கதையெல்லாம் நமக்கு வேண்டாம் மகள். போனில் ஒன்றும் எழுதிப் போட்டுவிடாதே." இந்த வார்த்தைகள் கேட்காத முஸ்லிம் வீடு இந்த நாட்டில் குறைவு. இதைச் சொல்லும் உம்மாவைக் குறை கூற முடியுமா? அவளுடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு சிறு முஸ்லிம் உணவகத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒருவர் கூச்சலிட்டார். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் கும்பலின் நடுவே திகைத்து நின்று தலையாட்டியதை யாரோ போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் ஊர் ஊராகப் பரவியது. அது வெறும் மாவுக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் திகனையும் அதன் சுற்றுப்புறங்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை அரசாங்கம் நாடு முழுவதும் தடுத்தது. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்!

பொய்யைப் பரப்பியவர்கள் கதை அப்படி. நியாயமாக எழுதியவர் கதையைக் கேளுங்கள். 2020 ஏப்ரலில், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவினால் போராட வேண்டும் என்ற கருத்தில் முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிட்டது 2023 நவம்பரில்தான்.

எனவே தாய்மார் அஞ்சுகிறார்கள். அதிலும் பெண் பிள்ளை என்றால் அச்சம் இரட்டிப்பு. ஒரு பெண் தன் பெயரில் ஒரு கருத்தை எழுதினால் அதன் கீழே வந்து விழும் அசிங்கமான வார்த்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் சகோதரிகளே, இந்த அச்சத்தால் நாம் சாதித்தது என்ன? பிள்ளைகளை வாய் மூடச் சொன்னோம். கண் மூடச் சொல்ல முடியவில்லை. அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொய்யையும் பார்க்கிறார்கள், வசையையும் பார்க்கிறார்கள். நம்மிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்காத பிள்ளை எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

வாயிற்கம்பியில் வெள்ளைத் துணி

இதே போன், இதே நாட்டில், நமக்குக் கைகொடுத்த நேரமும் உண்டு.

கொவிட்டால் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இந்த நாட்டில் எரிப்பது மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து 20 நாட்களேயான ஒரு பாலகனின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்டு அழாத தாய் நம்மில் யார்?

அப்போது ஊர்வலம் போக முடியாது. கூட்டம் கூட முடியாது. பொரளை கனத்தை மயானத்தின் வாயிற்கம்பிகளில் சிலர் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கபனை நினைவூட்டும் வெள்ளைத் துணி. கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சிங்களவரும் கிறிஸ்தவரும் வந்து கட்டினார்கள். இரவோடிரவாகத் துணிகள் அகற்றப்பட்டன. ஆனால் அதற்குள் அந்தப் படங்கள் ஆயிரக்கணக்கான போன்களுக்குப் போய்விட்டன. கனத்தைக்குப் போக முடியாதவர்கள் தங்கள் வீட்டு வாசலில் துணி கட்டிப் படம் எடுத்து அனுப்பினார்கள். யாரையும் ஏசவில்லை; எதையும் உடைக்கவில்லை.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் நல்லடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. அந்தத் துணி மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்தரணிகள் வாதாடினார்கள், குடும்பங்கள் பொறுமையோடு நின்றன, வெளிநாடுகளும் கேள்வி எழுப்பின. ஆனால் ஒரு சிறு துணித் துண்டு மூலம் எமது துயரத்தை எமது அயலவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அந்த வேலையைப் பெரிதும் செய்தவர்கள் கையில் போன் வைத்திருந்த இளம் பிள்ளைகள்.

அம்பாறையில் எடுத்ததும் ஒரு படம்தான். கனத்தையில் எடுத்ததும் ஒரு படம்தான். எடுத்தவரின் எண்ணமும் அனுப்பியவரின் பொறுப்பும்தான் வேறு.

வாக்கில்லாத ஒரு மாணவி

படம் அனுப்புவதோடு பிரஜையின் கடமை முடிந்துவிடுமா? இல்லை. இதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. அதை விளக்க, எம்மைப் போன்ற இன்னொரு தீவில் நடந்ததைச் சொல்கிறேன்.

தைவான் எமது நாட்டின் பரப்பளவில் பாதிக்குச் சற்றுக் கூடியது. மக்கள் தொகை ஏறத்தாழ எமது அளவு. 2014இல் அங்கே மாணவர்கள் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து, சட்டசபை மண்டபத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள். இளைஞர்கள் சொல்வதைக் கேட்க ஒரு வழி வேண்டும் என்பது அரசாங்கத்துக்கு விளங்கியது. அடுத்த ஆண்டு 'ஜொயின்' என்ற பெயரில் ஒரு இணையத்தளம் திறக்கப்பட்டது. யாரும் அதில் ஒரு கோரிக்கையை எழுதலாம். 60 நாட்களுக்குள் 5,000 பேர் அதை ஆதரித்தால் சம்பந்தப்பட்ட அமைச்சு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2017இல் அதில் ஒரு கோரிக்கை வந்தது. ஒரு தடவை பாவித்து வீசும் பிளாஸ்டிக் பாத்திரங்களைப் படிப்படியாகத் தடை செய்ய வேண்டும் என்பது அது. 5,000 பேர் விரைவாகச் சேர்ந்தார்கள். எழுதியவர் யாரோ பெரிய சுற்றாடல் ஆர்வலர் என்றே அதிகாரிகள் எண்ணினார்கள். நேரில் சந்தித்தபோதுதான் தெரிந்தது, அவள் 16 வயதுப் பாடசாலை மாணவி. குடியியல் பாடத்துக்குச் செய்ய வேண்டியிருந்த ஒப்படைக்காக அவள் அதை எழுதியிருக்கிறாள்! அந்த நாட்டில் வாக்களிக்கும் வயது 20. அவளுக்கு வாக்குரிமை கிடைக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஆனால் 2019 ஜூலை 1ஆம் திகதி முதல் அங்குள்ள அரச நிறுவனங்கள், பாடசாலைகள், பெரிய அங்காடிகள், துரித உணவகங்கள் ஆகியவற்றில் இருந்து உண்பவர்களுக்கு பிளாஸ்டிக் உறிஞ்சு குழல் கொடுப்பது நிறுத்தப்பட்டது.

இதில் நான் கண்ட படிப்பினை இதுதான். அந்தப் பிள்ளை கோபப்பட்டு நான்கு வரி எழுதிவிட்டுப் போய்விடவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று பார்த்து, அவரிடம் கேட்டாள். பதில் வரும்வரை விடவில்லை.

நமது கையிலும் ஒரு சட்டம்

"அது தைவான். இங்கே யார் பதில் சொல்வார்கள்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இங்கேயும் பதில் சொல்லக் கடமைப்படுத்தும் ஒரு சட்டம் இருக்கிறது, சகோதரிகளே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபையிலிருந்து அமைச்சு வரை ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பிரஜை எவரும் அவரிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டதற்கு 14 வேலை நாட்களுக்குள் அவர் தனது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ, பதிலே தராவிட்டாலோ அதே நிறுவனத்திலுள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தில் இருப்பது 'பிரஜை' என்ற சொல். 'வாக்காளர்' என்ற சொல் அல்ல.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பொது நூலகத்தின் சிறுவர் பகுதி "திருத்த வேலை" என்ற ஒரு பலகையோடு ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்தது. உள்ளே ஒரு ஆணி அடிக்கும் சத்தமும் கேட்கவில்லை. என் மகளும் அவளுடைய வகுப்புத் தோழியர் மூவரும் பூட்டிய கதவைப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் விருப்பம் தெரிவித்தார்கள். "எல்லோரும் கள்ளர்கள்" என்று பலர் எழுதினார்கள். இரண்டு நாட்களில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பூட்டு அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான் ஒருநாள் மகள் கேட்டாள்: "உம்மா, நூலகம் திருத்தக் காசு ஒதுக்கினதா இல்லையா? அது எங்கட காசுதானே? கேட்டுப் பார்க்க ஏலாதா?"

நால்வரும் எங்கள் முன் அறையில் பாயில் உட்கார்ந்து போனிலேயே விண்ணப்பத்தைத் தட்டச்சுச் செய்தார்கள். முதலில் எழுதியது இரண்டு பக்கம், முழுவதும் கோபம். அடுத்த வீட்டு ராத்தா ஒரு காலத்தில் கச்சேரியில் வேலை செய்தவர். அவர் வந்து பார்த்துவிட்டு, "கோபத்துக்குப் பதில் வராது பிள்ளைகள், கேள்விக்குத்தான் பதில் வரும்" என்று சொல்லி எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். கடைசியில் மூன்று கேள்விகள் மிஞ்சின. திருத்த வேலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? இதுவரை செலவானது எவ்வளவு? வேலை முடிய வேண்டிய திகதி எது?

மின்னஞ்சலில் அனுப்பினார்கள். 14 வேலை நாட்கள் போயின, பதில் இல்லை. மேன்முறையீடு அனுப்பினார்கள். பதில் வந்தது, சிங்களத்தில். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் பாதி விளங்கியது, மீதி சிரிப்பாக இருந்தது. பாடசாலைச் சிங்கள ஆசிரியையிடம் கொண்டுபோய்ச் சரியாக விளங்கிக்கொண்டார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி என்பதைக் குறிப்பிட்டு, தமிழில் ஒரு பிரதி தரும்படி மரியாதையாக இன்னொரு கடிதமும் எழுதினார்கள். அதுவும் வந்தது.

பதில் என்ன? பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஒரு சதமும் செலவாகவில்லை, கேள்விப்பத்திரமே கோரப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம். யாரும் களவெடுக்கவில்லை. கோப்பு ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடிதத்தின் பிரதியை வட்டார உறுப்பினரிடமும் நூலக வாசகர் வட்டத்திடமும் கொடுத்தார்கள். சில மாதங்களில் வேலை ஆரம்பமாகி, சிறுவர் பகுதி திறந்தது. கூரையின் ஒரு மூலை இன்னும் ஒழுகுகிறது; அதற்கும் ஒரு விண்ணப்பம் தயாராகிறது.

இதைப் பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனால் "எல்லோரும் கள்ளர்கள்" என்ற வார்த்தையை என் மகள் இப்போது சொல்வதில்லை. "யாருடைய மேசையில் இருக்கிறது?" என்று கேட்கிறாள்.

வீட்டில் தொடங்குவோம்

சகோதரிகளே, இதற்கெல்லாம் நாம் கணினி நிபுணர்களாக இருக்கத் தேவையில்லை. வீட்டு வேலைகளுக்கிடையே செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, விசாரித்துவிட்டு அனுப்பும் பழக்கம். வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை சூரா அல்ஹுஜுராத் நமக்கு எப்போதோ கற்றுத் தந்திருக்கிறது. அதை வட்ஸ்அப்புக்கும் பொருத்துவோம். யார் சொன்னது? எப்போது நடந்தது? வேறு எங்கும் வந்திருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்காமல் எதையும் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். இந்தச் சட்டம் குடும்பக் குழுவில் காலையிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கும் மாமாமாருக்கும் மாமிமாருக்கும் சேர்த்துத்தான்!

இரண்டாவது, வாக்காளர் இடாப்பு. கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தை வாப்பா நிரப்பிக் கொடுத்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து, பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பெல்லாம், இடாப்புத் தயாரிக்கும் திகதியில் 18 வயது நிறையாதவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆண்டின் நடுவே 18 வயதை அடைவோரையும் சேர்த்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. திருமணமாகி வேறு ஊருக்குப் போன மகளின் பெயர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பழைய ஊரிலும் இல்லாமல் புதிய ஊரிலும் இல்லாமல் விடுபட்ட பெண்கள் நம்மிடையே உண்டு. 1931இல், உலகின் பல நாடுகளுக்கு முன்பே, இந்த மண்ணின் பெண்களுக்கு ஆண்களோடு சேர்த்துக் கிடைத்த உரிமை அது. ஒரு படிவத்தின் கவனக்குறைவால் அதை இழக்கலாமா?

மூன்றாவது, பாதுகாப்பு. அடையாள அட்டையின் படத்தையோ வீட்டு முகவரியையோ தொலைபேசி இலக்கத்தையோ பொதுவெளியில் போடக் கூடாது. எவரது மதத்தையும் இனத்தையும் இழித்து ஒரு சொல்லும் எழுதக் கூடாது. இணையவழிப் பேச்சைக் கட்டுப்படுத்த 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள். அதேவேளை, அரச அலுவலகத்துக்கு முறைப்படி விண்ணப்பம் அனுப்புவது சட்டம் தந்த உரிமை, அதில் அஞ்ச ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது பிள்ளைக்கு அசிங்கமாக எழுதினால், போனைப் பறிக்காமல் பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள். பறிபோகும் என்று பயந்தால் அடுத்த முறை அவள் நம்மிடம் சொல்ல மாட்டாள்.

நான்காவது, மஷூரா. வீட்டு விஷயங்களில் பிள்ளைகளின் கருத்தைக் கேளுங்கள். இந்த மாத மின்சாரக் கட்டணத்தை எப்படிக் குறைப்பது, பெருநாள் செலவை எப்படிப் பங்கிடுவது என்று எல்லோரும் கூடிப் பேசும் வீட்டில் வளரும் பிள்ளை, மற்றவரின் பேச்சு முடியும்வரை காத்திருக்கப் பழகும். தன் கருத்து எடுபடாத போதும் கூடவே நிற்கப் பழகும். இதைக் கற்றுத்தர எந்தப் போனாலும் முடியாது. நம்மால் மட்டும்தான் முடியும்.

இந்த வாரம் ஒரு மாலை நேரத்தில் மகனையோ மகளையோ அருகில் அழைத்து, உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். பிறகு, "நமது ஊரில் எது சரியில்லை என்று நீ நினைக்கிறாய்? அதை யாரிடம் கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் முதல் விண்ணப்பம் அங்கிருந்து தொடங்கும்.